இராமலிங்க அடிகளும் அகவமைதியும்

உலகத்து மாந்தர் யாவரும் நாடுவது ஒன்றே. அதனை இன்பம் என்பர் சிலர். சாந்தி என்பர் சிலர். நிம்மதி என்று எளிய சொல்லாற் குறிப்பர் பலர். நாடும் பொருள் ஒன்றாயினும் நாடும் இடம் வேறுபடுகின்றது. செல்வத்திலே தேடுவாரும், புகழிலே தேடுவாரும், மக்கட்பேற்றிலே தேடுவாரும் உளர். இவற்றிற் சலித்தவர் கோயிலுக்கும் தீர்த்தத்திற்கும் செல்கின்றனர். அங்கும் தாம் வெளியிலேயே தேடுகின்றோம் என்பதை அவர் உணர்கின்றாரில்லை. காசியாத்திரை முடித்து வந்தவர் மறுவாரமே பங்காளியோடு வரப்பு வழக்கிற்கு நிற்பதை நாம் காணாமலில்லை.

ஆகவே அமைதியை அகத்தே தேடுக என்றனர் பெரியோர். இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. அகத்தே அமைதி கண்டவன் புறத்தே நிகழும் துன்பத்தைக் காணாது கண்மூடி இருந்துவிடமாட்டானா? அடுத்த வீட்டிற் குழந்தை பசியால் அழ, தன் வீட்டுத் திண்ணையில் ஒருவன் தியானத்தில் அமர்ந்திருப்பானாயின், அதனை அமைதி என்பதா, கல்நெஞ்சம் என்பதா? இக்கேள்விக்கு நூல்களைக்கொண்டு விடை கூறுவதினும் ஒருவருடைய வாழ்க்கையைக்கொண்டு விடை கூறுவது தெளிவாகும் என்று கருதியே, வடலூர் இராமலிங்க அடிகளுடைய வரலாற்றை நேயர்கள் முன்னர் வைக்கின்றோம். அடிகளின் பெயரை அறியாத தமிழர் இலர். பெயரை அறிந்த அளவிலே நின்றுவிட்டவரோ பலர்.

தென்னார்க்காட்டுச் சீமையில், சிதம்பரத்திற்கு வடமேற்கே மருதூர் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரிலே கிராமக் கணக்கு வேலை பார்த்தும், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லியும் வாழ்ந்தவர் இராமையா பிள்ளை. அவருடைய மனைவியார் சின்னம்மையார், பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்தைச் சேர்ந்தவர். இவ்விருவருக்கும் ஐந்தாவது மகவாக, 1823-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ஆந் தேதி அடிகள் தோன்றினார். கைக்குழந்தையாயிருந்த காலத்தே பெற்றோர் சிதம்பரத்திற்கு எடுத்துச் சென்றனர் என்றும், அங்கே இரகசியத் திரை விலக்கப்பட்டபோது குழந்தை வாய்விட்டு நகைத்தது என்றும் கூறுவர். திரை விலகிய இடத்தில் உருவம் ஒன்றும் இல்லை, வெட்டவெளியே உளது. பெரியோர் பலர் பொருள் விளங்காது திரும்பும் இடத்திலே ஒரு குழந்தை நகைத்தது என்னும் செய்தியை மிகையென்று தள்ளுவாரும் உளர். தள்ளுவார் தள்ளுக. பின்னாளில் அடிகளே தம் பாடலில் இதனை நினைவுகூர்கின்றார் என்பது மட்டும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

பிறந்த சில மாதங்களிலேயே தந்தையார் காலமாயினர். கைம்மை எய்திய சின்னம்மையார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பிறந்தகம் சென்று, பின்னர்ச் சென்னையிற் குடியேறினார். மூத்த மகன் சபாபதி பிள்ளை காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கற்றுப் புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைத் தாங்கினார். தமையனார் பொறுப்பு மிக்கவர். தம்பியும் தம்மைப்போற் கற்றுத் தேர்ந்து நாலு காசு சம்பாதிக்கவேண்டுமென்று அவர் விரும்பியதிற் பிழை யாது? தம் ஆசிரியரிடமே தம்பியையும் அனுப்பினார். தம்பியோ பாடசாலைக்குப் போவதாகச் சொல்லிக் கந்தகோட்டத்திற்குச் சென்று முருகப்பெருமானைப் பாடிக்கொண்டு நின்றார். ஒருநாள் அங்கே அப்பாட்டைக் கேட்ட ஆசிரியர், இப்பிள்ளைக்குக் கற்பிக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டனர் என்பது வரலாறு.

தமையனார் சினந்தார், வீட்டிற்குள் நுழையலாகாது என்று கட்டளையிட்டார். அண்ணியார் பாப்பாத்தியம்மாள் கணவர் அறியாவண்ணம் கொல்லைப்புற வழியாக அழைத்துச் சோறிட்டு வந்தார். தந்தையார்க்குத் திதி வந்த நாளில், வீட்டில் எல்லாரும் உண்ண, இப்பிள்ளை மட்டும் புறக்கடையில் வந்து நிற்பதைக் கண்டு அவ்வம்மையார் கண்ணீர் விட்டனராம். அக்கண்ணீருக்கு இரங்கியே சிறுவர் வீட்டிற்குத் திரும்ப இசைந்தார். பசித்து வந்தவனுக்குக் கதவு மூடப்படுதல் எத்தகையது என்பதையும், மறைவாகத் திறக்கப்படும் ஒரு கதவு எத்தகையது என்பதையும் அடிகள் ஏடுகளிற் கற்கவில்லை. ஏறக்குறைய ஒன்பது வயதில் தம் வயிற்றாலேயே கற்றார். இதனை நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக. பின்னர் வடலூரில் நிகழ்ந்ததற்கு வித்து இங்கே உளது என்பது எமது துணிபு.

வீடு திரும்பியவர் தமக்கென மேல்மாடியில் ஓர் அறையைக் கேட்டுப் பெற்றார். அவ்வறையில் அவர் வேண்டிய பொருள்கள் இரண்டே: ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு. கண்ணாடியைச் சுவரிற் பொருத்தி, அதன் எதிரே விளக்கை ஏற்றி வைத்து, மலர் சாத்தி, கற்பூரங் காட்டி, அதனையே நோக்கி அமர்ந்திருப்பார். புத்தகம் திறக்கப்படவில்லை. பல நாள் இவ்வாறு இருந்தபின் அக்கண்ணாடியிலே திருத்தணிகை முருகன் திருவுருவங் கண்டதாக அவர் பாடுகின்றார்.

கண்ணாடியில் யாது தோன்றும்? பார்ப்பவன் முகமே தோன்றும். குருக்களும் கோபுரமும் இன்றி, தன் முகம் தோன்றும் இடத்திலேயே தெய்வத்தைக் காண ஒரு சிறுவர் முயன்றார் என்பதில் அடங்கியுள்ள கருத்து மிகப் பெரிது. அவர் கோயிலை வெறுத்தாரல்லர். கந்தகோட்டத்திற்கும் திருவொற்றியூருக்கும் ஆண்டுக்கணக்கில் நடந்தவர் அவர். ஆயினும் கோயிலிற் கண்டதை வீட்டு மாடியில், தன்னெதிரே, தன்னுள்ளே காணலாகும் என்பதை அவ்விளம்பருவத்திலேயே அறிந்துகொண்டார். இக்கண்ணாடியும் விளக்கும் நாற்பது ஆண்டு கழித்து மீண்டும் இவ்வரலாற்றில் வரும்.

ஒருமுறை தமையனார் நோயுற்றமையால், முத்தியாலுப்பேட்டையிற் சோமு செட்டியார் என்பவர் இல்லத்தில் நடைபெற்றுவந்த பெரியபுராணப் பிரசங்கத்திற்கு அவர் செல்ல இயலவில்லை. சில பாட்டுகளை மட்டும் பாடிவிட்டு வருமாறு தம்பியை அனுப்பினார். சென்றவர் திருஞானசம்பந்தர் வரலாற்றை எடுத்து நள்ளிரவு வரையில் விரித்துரைத்தார். கேட்டவர்கள் இனி இவரே வந்து சொல்லவேண்டும் என்று வற்புறுத்தினர். புகழ் அன்றே வாயிற்படியில் வந்து நின்றது. கூடவே பொருளும் வந்து நின்றது. அண்ணன் தேடியது இதுவே. தம்பி இதனைத் தொழிலாக்கிக்கொள்ளவில்லை. கற்க விரும்பி வந்தோர்க்குக் கற்பித்தார். பதிப்பித்தற்குரிய நூல்களை ஆராய்ந்து பதிப்பித்தார். ஒழிவிலொடுக்கம் 1851-ஆம் ஆண்டிலும், தொண்டமண்டல சதகம் 1855-ஆம் ஆண்டிலும், சின்மய தீபிகை 1857-ஆம் ஆண்டிலும் அவராற் பதிப்பிக்கப்பெற்றன. 1849-ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியார் முதல் மாணாக்கராய் வந்தடைந்தார்.

1850-ஆம் ஆண்டில் தமக்கையார் உண்ணாமுலையம்மையின் மகள் தனக்கோடியம்மாளை அடிகளுக்கு மணம் முடித்தனர். உறவினர் வற்புறுத்தலுக்கு இணங்கிய மணம் அது. இல்லறம் நடைபெறவில்லை, மணநாளிரவில் அடிகள் திருவாசகம் ஓதுதலிலே பொழுதைப் போக்கினார் என்பர். சரித்திரம் எழுதுவோர் இதனை அடிகளுடைய துறவுக்குச் சான்றாகக் காட்டி மகிழ்ந்து மேற்செல்கின்றனர். நமக்கோ அந்த அம்மையாரை நினையாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. பெரியோர் வரலாறுகளில் இத்தகைய பெண்கள் இரண்டு வரியில் வந்து மறைகின்றனர். ஒருவர் காணும் அமைதிக்கு மற்றொருவர் கொடுக்கும் விலை கணக்கில் ஏறுவதேயில்லை.

1858-ஆம் ஆண்டில் அடிகள் சென்னையை விட்டு நீங்கினார். தலங்கள் பலவற்றை வணங்கிச் சிதம்பரம் சேர்ந்து, அங்கிருந்து கருங்குழி என்னும் ஊர் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வேண்டுகோளுக்கிணங்கி அவர் வீட்டிலே தங்கினார். ஏறத்தாழ ஒன்பதாண்டு அவ்வீடே அவருக்கு உறைவிடமாயிற்று. திருவருட்பாவின் பெரும்பகுதி அங்கே பாடப்பெற்றது. விளக்கிற்கு எண்ணெய் என்று எண்ணித் தண்ணீரை வார்த்து அடிகள் இரவெல்லாம் எழுதிக்கொண்டிருந்தனர் என்றும், விளக்கு அணையாது எரிந்தது என்றும் வழங்கும் கதை இக்காலத்ததே. வீட்டம்மையார் புதுக்கலயத்தைப் பழக்குதற்காக அதில் நீர் நிரப்பி வைத்திருந்தனராம். மக்கள் இக்கதையைப் பெரிதாகப் பேசுவர். எமக்கு இதிற் பெரிதாகத் தோன்றுவது வேறு. எண்ணெயா நீரா என்று பாராத அளவிற்கு ஒருவருடைய உள்ளம் ஒன்றிலே அழுந்தியிருந்தது என்பதே அது.

இப்பாடல்களை அச்சிட வேண்டுமென்று அன்பர்கள் விரும்பினர். அடிகளோ இசைந்தாரில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்னும் அன்பர், பாடல்கள் கைக்கு வருமளவும் நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பதென்று நோன்பு பூண்டார். ஒருவர் பசித்திருத்தலைப் பொறாத அடிகள் அதன்பின்னரே இணங்கினார். அப்போதும் தம் பெயரோடு சாமி என்னும் சொல்லைச் சேர்த்து வழங்குதல் தமக்கு உடன்பாடன்று, அஃது ஆரவாரமாகத் தோன்றுகின்றது என்று கடிதம் எழுதினார். 1867-ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தபோது, தொழுவூர் வேலாயுத முதலியார் ஆசிரியர்பால் வைத்த பேரன்பினால் திருவருட்பிரகாச வள்ளலார் என்று சிறப்புப் பெயர் சூட்டிவிட்டனர். வேண்டாமென்றவர்க்கு உலகம் அதனினும் பெரிய பட்டத்தைக் கொடுத்தது. இன்றுவரை அப்பெயரே நிலைத்துவிட்டது.

பட்டத்தின் பின்னே பகையும் வந்தது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் சைவத்திற்கும் தமிழ் உரைநடைக்கும் அரும்பணி ஆற்றிய பேரறிஞர். அருட்பா என்னும் பெயர் தேவார திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கே உரியது, இக்காலத்தார் பாடலுக்கு அப்பெயர் பொருந்தாது என்பது அவர் கட்சி. கண்டன நூல்கள் எழுந்தன; மறுப்புக்கு மறுப்பு எழுந்தது. 1869-ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையில் விவகாரம் சென்றது. அடிகள் மறைந்தபின்னும், நாவலர் மறைந்தபின்னும், இருபக்கத்து மாணாக்கரும் பல ஆண்டு இப்போரை நிறுத்தவில்லை. ஒரு நூலின் முகப்பில் எந்தச் சொல் இருத்தல் வேண்டும் என்பதற்காக எத்தனை மை செலவாயிற்று! அப்பெயரால் வரும் பெருமையை வேண்டாதவர் ஒருவரே. அவரே அந்நூலின் ஆசிரியர்.

இனி இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதிக்கு வருகின்றோம். 1866-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிற் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்து, விலை ஏறி, ஏழை மக்கள் ஊர்விட்டு ஊர் அலைந்தனர். பயிர் வாடக் கண்டாலே வாடும் இயல்பினர் அடிகள். வீடுவீடாக இரந்தும் பசி தீராது தளர்ந்தவரைக் கண்டு அவர் உள்ளம் துடித்ததை அவர் பாடல்களைப் படித்தவர் அறிவர். பாடியதோடு அவர் நிற்கவில்லை. வடலூரைச் சேர்ந்த மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை எழுதிக்கொடுத்தனர். 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆந் தேதி அங்கே தருமசாலை தொடங்கப்பெற்றது. மண்ணைத் தோண்டி நெடிய அடுப்பு அமைத்தனர். அதன் நீளம் 21 அடி என்பர். அன்று மூட்டிய நெருப்பை அடிகள் தம் கையால் ஏற்றி வைத்தார்.

தொடக்கவிழாவில் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலின் முதற்பகுதி படிக்கப்பெற்றது. அதனைப் புதிதாகப் படிப்போர் வியப்படைவர். ஞானநூல் என்று எண்ணித் திறந்தால், பசி வந்த உடம்பில் நிகழ்வனவற்றை வைத்தியர்போல் அவர் வரிசையாகக் கூறிச் செல்கின்றார்: அறிவு மயங்குதல், கண் குழிதல், காது அடைத்தல், நா உலர்தல், கைகால் சோர்தல். பசியானது அரசனையும் ஆண்டியையும் ஒருங்கே வருத்துவது. தவத்தில் இருப்பவனையும் கலைத்து எழுப்புவது. ஆகையால் வயிறு காய்ந்தவனிடத்தில் ஆன்ம விசாரம் பேசுதல் பயனற்றது என்பது அவர் கருத்து. மேலும் ஒன்று கூறுகின்றார். பசித்தவன் உண்டு பசி தீர்ந்தவுடனே அவனுடைய உள்ளேயும் முகத்திலும் ஓர் இன்பம் ததும்புகின்றதன்றோ, அது கடவுளின்பத்தின் வெளிப்பாடே என்கின்றார். வீடுபேற்றின் கதவுக்கு உயிரிரக்கமே திறவுகோல் என்பதும் அந்நூலின் முடிபு.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்திற்கு விடை கிடைக்கின்றது. கண்ணாடியின் முன் அமர்ந்து அகத்தே ஒளியைக் கண்டவர், அதே ஒளியைச் சோறுண்ட ஏழையின் முகத்திலும் கண்டார். அகம் என்பதற்கு அவர் கொண்ட எல்லை தம் உடம்போடு முடிவதன்று. பெயரும் பட்டமும் புறம். ஆடையும் அணியும் புறம். ஏடும் வாதமும் புறம். ஆனால் பிறன் பசி அவருக்குப் புறமன்று. பிறன் பசி தீராதவரையில் அவருக்கு அகவமைதி என்பதும் இல்லை. இவ்வாறு கோடு கிழித்தவர்கள் சமயவரலாற்றில் மிகச் சிலரே.

தருமசாலையோடு திருக்குறள் வகுப்பும், சிறுவர் முதியோர் யாவரும் கற்கத்தக்க ஒரு பாடசாலையும் தொடங்கப்பெற்றன. அவை நெடுநாள் நிலைக்கவில்லை. அடுப்பு நிலைத்தது. அடிகள் மறைந்தபின் 1876-ஆம் ஆண்டிலே தாது வருஷத்துப் பெரும்பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியபோது, அவ்வடுப்பு மூட்டப்பட்டு ஒன்பதாண்டு ஆகியிருந்தது.

புறப்பொருள்களை அடிகள் நடத்திய விதத்திற்குச் சில நிகழ்ச்சிகள் சான்றாகும். துறவிகள் காவியுடுத்த, அவர் வெள்ளாடையே உடுத்துத் தலையையும் அதனாலே மூடிக்கொண்டார். திருவொற்றியூர் மண்டபமொன்றில் படுத்திருந்தபோது ஒரு காதின் கடுக்கனைத் திருடன் கழற்ற, மற்றைக் காதையும் திருப்பிக் கொடுத்தார் என்பர். சென்னையிலிருந்து வந்த படம் பிடிப்பவர் எட்டுமுறை முயன்றும் ஆடையன்றி உருவம் விழவில்லை என்பது அன்பர் வழக்கு. இதனினும் நம் உள்ளத்தைத் தொடுவது மற்றொன்று. பண்ணுருட்டிக் குயவர்கள் அடிகளைப் போலவே மண்ணால் ஒரு பிரதிமை செய்து வண்ணந்தீட்டி அன்போடு கொண்டுவந்து கொடுத்தனர். அடிகள் அதனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டுவிட்டார்; அது நொறுங்கியது. பொன்னாகவேண்டிய உடம்பு மண்ணாயிற்றே என்று இரங்கினாராம். உழைத்துச் செய்தவர் முகம் வாடியிருக்கும், அதனையும் மறுப்பதற்கில்லை. எனினும் தமக்கு நாளை என்ன நேரும் என்பதை அடிகள் முன்னரே கண்டுகொண்டார் போலும். உருவம் வைத்தால் மாலை வரும், மாலை வந்தால் பூசை வரும். பூசை வந்த இடத்தில் சோற்றை மறந்து சிலையை நினைப்பர்.

அற்றேல் அவர் உருவ வழிபாட்டை இகழ்ந்தவரோ எனின், அன்று. பிரமசமாஜத்தைச் சார்ந்த ஸ்ரீதர நாயக்கர் என்பவர் விக்கிரக ஆராதனை கூடாதென்று கூடலூரிற் பேசியபோது, அதனை மறுத்து வாதிட்டவர் அடிகளே. ஏணியிலே ஏறாதவனிடம் ஏணியைப் பிடுங்குதலை அவர் விரும்பவில்லை. ஏறியபின்னும் ஏணியைத் தழுவிக்கொண்டு நிற்பதையே அவர் கண்டித்தார்.

சாதியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் அடிகள் பாடியனவற்றை ஈண்டுச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. ஒரு குலத்தார் சங்கத்தின் திங்களிதழில் அடிகள் வரலாற்றை எழுதுவோர் பலரும் அவ்விடத்தை மெல்லத் தாண்டிச் செல்வது வழக்கம். கோத்திரச் சண்டையும் குலச் சண்டையும் பிள்ளை விளையாட்டு என்பது அடிகளின் முடிந்த கொள்கை. தருமசாலையிற் சோறிடும்போது எந்த ஊர், எந்தக் குலம் என்று வினவக்கூடாது என்பது அவர் வகுத்த நெறி. நம் குலத்துப் பிள்ளைகளுக்குக் கல்விப்பொருள் திரட்டுதலும், நம் ஏழை விதவைகளுக்கு உதவுதலும் நல்லனவே. அடிகள் இவற்றை மறுக்கமாட்டார். ஆயினும் நம் அன்பு நம் குலத்து வாயிற்படியில் நின்றுவிடுமானால், குலமும் ஒரு புறப்பொருளாய் நம்மைப் பிடித்துக்கொண்டது என்றே அவர் சொல்லியிருப்பார். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவருடைய தராசில் அதற்கு எடை அவ்வளவே.

1870-ஆம் ஆண்டில் அடிகள் வடலூர்க் கூட்டத்தை விட்டு, அருகிலுள்ள மேட்டுக்குப்பத்திற் சிறியதொரு கட்டடத்திற் சென்று தங்கினார். அதற்குச் சித்திவளாகம் என்று பெயரிட்டார். அங்கிருந்தே வடலூரிற் சத்திய ஞானசபை என்னும் எண்கோணக் கட்டடத்தை எழுப்புவித்தார். அது 1872-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25-ஆந் தேதி தைப்பூசத்தன்று திறக்கப்பெற்றது. உள்ளே சென்று நோக்குவோர்க்கு விக்கிரகம் ஒன்றும் இல்லை. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு ஆகிய ஏழு நிறத்துத் திரைகள் உள்ளன. அவை நீங்கினால் ஒரு கண்ணாடியும் ஒரு விளக்கும் தோன்றும். ஏழுகிணற்று வீட்டு மாடியறையில் சிறுவர் வைத்த அதே இரண்டு பொருள்! திரைகள் உயிரை மறைக்கும் மாயா சத்திகள் என்றும், விளக்கு ஆன்ம ஒளி என்றும் உரைப்பர். ஆகவே அச்சபை மனிதனுடைய அகத்தைப் புறத்தே கட்டிக்காட்டிய ஒரு வரைபடமே அன்றி வேறன்று.

இக்கருத்து மக்கள் உள்ளத்தில் இறங்கியதா? அவ்வாண்டு ஜூலை மாதத்திலே வழிபாட்டு விதிகளை அடிகள் எழுதி வெளியிட்டார். உள்ளே விளக்கேற்றித் துப்புரவு செய்தற்குரியோர் பன்னிரண்டு வயதிற்கு உட்பட்டவரும் எழுபத்திரண்டு வயதிற்கு மேற்பட்டவருமே. ஆசை முளையாதவரும் ஆசை ஓய்ந்தவரும் என்பது அதன் குறிப்பாகலாம். ஆரவாரமும் சிறப்புக் காணிக்கையும் அவர் வேண்டியன அல்ல. மக்களோ மற்றக் கோயில்களிற் செய்து பழகியதையே இங்கும் செய்யத் தலைப்பட்டனர். விதிகள் செவ்வையாக நடைபெறாமை கண்டு, அடிகள் சபையைப் பூட்டித் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொண்டார் என்று கூறுவர். தாம் கட்டிய ஒன்றைத் தாமே பூட்டுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! பிறர் கட்டிய கோயிலைக் குறைகூறுதல் யார்க்கும் எளிது. தன் கையால் எழுப்பியது தன் கருத்திற்கு மாறாகப் போகும்போது அதனைக் கைவிடுதலே அரிது. கண்ணாடியைப் பார்க்க வந்தவர்கள் கண்ணாடியின் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயினர். அடிகளுடைய வாழ்க்கையின் பெருந்துயரம் இதுவென்றே யாம் கருதுகின்றோம். தருமசாலையை அவர் பூட்டவில்லை என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

1873-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சித்திவளாகத்திற் சன்மார்க்கக் கொடி ஏற்றி, நீண்டதொரு பேருபதேசம் செய்தார். தாம் முன்னர்ச் சைவ சமயத்தில் வைத்திருந்த பற்று இவ்வளவென்று அளவிட முடியாதது என்றும், அப்போது தமக்கு அறிவு சிறிதாக இருந்தமையே அதற்குக் காரணம் என்றும் அதிலே வெளிப்படையாகக் கூறினார். ஆயிரக்கணக்கான பாடல்களால் தாம் போற்றிய ஒன்றை ஐம்பது வயதிற் கடந்து நிற்பதைக் கூட்டத்தின் நடுவே கூறுதல் எளிய செயலன்று. அதன்பின் தாம் அறையில் வைத்து வழிபட்டு வந்த விளக்கைப் புறத்தே எடுத்து வைத்து, அதனைத் தடைப்படாது ஆராதிக்குமாறு அன்பர்க்குச் சொன்னார்.

1874-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ஆந் தேதி நள்ளிரவில் அவ்வறையினுட் சென்றார்; கதவு மூடப்பட்டது. எவரும் திறக்க வேண்டாம், திறந்தால் வெறுவீடாகவே இருக்கும் என்னும் பொருள்படச் சொல்லிச் சென்றார் என்பர். சில மாதம் கழித்து ஜில்லா அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது அறை வெறுமையாகவே இருந்தது என்பது வழிவழி வருஞ் செய்தி. அக்காலத்துக் கலெக்டர் கார்ஸ்டின் துரை 1878-ஆம் ஆண்டில் வெளிவந்த தென்னார்க்காடு ஜில்லா நூலிலும் அடிகள் அறையுட் சென்று மறைந்ததைக் குறித்திருக்கின்றார். என்ன நிகழ்ந்தது என்பதைப் பற்றி அன்றுமுதல் இன்றுவரை வாதங்கள் ஓயவில்லை. அவற்றில் யாம் தலையிட விரும்பவில்லை. அறைக்குள் நிகழ்ந்ததைப் பற்றி வாதிடுவோர்க்கு அறைக்கு வெளியே அவர் விட்டுச் சென்றவற்றைப் பற்றிப் பேசப் பொழுதிருப்பதில்லை.

ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று வடலூரில் ஏழு திரைகளும் நீக்கப்பெற, இலக்கக்கணக்கான மக்கள் கண்ணாடியில் ஒளியைக் கண்டு செல்கின்றனர். இரண்டு நாள் கழித்து மேட்டுக்குப்பத்தில் அவ்வறையைச் சாளரத்தின் வழியே காண்கின்றனர். சபைக்கும் அறைக்கும் நாள் உண்டு, நேரம் உண்டு. தருமசாலையில் 1867-ஆம் ஆண்டு மூட்டிய அடுப்போ அன்றுமுதல் அணையவில்லை. உழவர்கள் அரிசியும் காய்கறியும் விறகும் கொண்டுவந்து இறக்கிப் போகின்றனர். பசித்தோர் வருகின்றனர்; வரிசையில் அமர்கின்றனர்; இலை போடப்படுகின்றது.